வேகத்தைக் கூட்டும் முன் விகிதத்தைப் பாருங்கள்

வீட்டில் பழைய மேசைக் கணினி ஒன்று சும்மா கிடக்கிறதா? அதன் வேகத்தைக் கூட்டிப் பார்க்க, அதாவது ஓவர்கிளாக் செய்ய, ஆசையா? அப்படியென்றால் முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். வகுப்பில் நாம் சொல்லிக் கொடுக்கும் அதே விகிதக் கணக்குதாங்க.

2007இல் வந்த இன்டெல் கோர் 2 டுவோ இ4300 செயலியை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத் தாய்ப்பலகையில் எஃப்எஸ்பி என்ற அடிப்படைத் துடிப்பு ஒன்று உண்டு. இந்தச் செயலிக்கு அது 200 மெகாஹெர்ட்ஸ். பெட்டியில் 800 என்று போட்டிருக்கும்; ஒரு துடிப்புக்கு 4 முறை தரவு போவதால் வந்த எண் அது.

திடலில் நீங்கள் கை தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டலுக்கு ஒரு குழு 9 அடி வைக்கிறது. இன்னொரு குழு 2 அடி வைக்கிறது. முதல் குழு செயலி: 200 × 9 = 1800 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவது குழு ரேம்: 1:2 விகிதத்தில் 200 × 2 = 400 மெகாஹெர்ட்ஸ். ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்பும். அதனால் 400-ஐ டிடிஆர்2-800 என்கிறோம்.

இப்போது வேகமாகத் தட்டினால்? இரண்டு குழுவும் ஓடியாக வேண்டும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறோம்.

நானும் செய்தேன். விகிதத்தைத் தொடாமல் துடிப்பை மட்டும் 250 ஆக்கினேன். செயலிக்கு 250 × 9 = 2250; அது தாங்கியது. ரேமுக்கோ 250 × 2 = 500, அதாவது டிடிஆர்2-1000. என்னிடம் இருந்தது 800 ரேம்தான். கணினி நன்றாகத்தான் எழுந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து தேர்வுத்தாள் தயாரித்துச் சேமித்தேன். காலையில் கோப்பு திறக்கவே இல்லை! செயலி கெட்டுவிட்டது என்றே முதலில் நினைத்தேன். பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. தன் அளவைத் தாண்டி ஓடிய ரேம், எழுத்துகளை மாற்றி வைத்திருக்கிறது. கணினி நின்று போனால் நமக்குத் தெரியும்; இப்படிச் சத்தமில்லாமல் கெடுத்தால் தெரியாது பாருங்க, அதுதான் ஆபத்து.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. முக்கியமான கோப்புகளை விரலியில் நகல் எடுத்துவிடுங்கள். பள்ளிக் கணினியில் இதைச் செய்யவே வேண்டாம்.

2. பயாஸில் விகிதத்தை 1:1 ஆக வையுங்கள். சில பலகைகளில் விகிதத்துக்குப் பதில் 2.00, 2.50, 3.00 என்று வரும், அங்கே 2.00 என்பதுதான் 1:1. பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகத்தை 100-இலும் பிசிஐ வேகத்தை 33-இலும் பூட்டிவிடுங்கள்.

3. துடிப்பை 10, 10 மெகாஹெர்ட்ஸாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் செயலியைச் சோதித்து, சூட்டையும் பாருங்கள். தடுமாறினால் ஒரு படி இறங்குங்கள். ரேமுக்குச் சுமை இல்லாததால், தடுமாற்றம் பெரும்பாலும் செயலியாலோ பலகையாலோதான் வருகிறது என்று சொல்லலாம்.

4. அதன் பிறகே ரேமுக்கு விகிதம் தேடுங்கள். துடிப்பு 266 என்றால் 2:3 விகிதத்தில் ரேம் ஏறக்குறைய 400. துடிப்பு 333 என்றால் 5:6 விகிதத்தில் அதே 400. செயலியோ 3 கிகாஹெர்ட்ஸ்! எல்லாப் பலகையிலும் எல்லா விகிதமும் இருக்காது. ரேமின் அளவைத் தாண்டாத விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

5. மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு வேண்டாம்.

கணினி எழவே இல்லையா? பயப்படாதீங்க. மின் இணைப்பைக் கழற்றி, பலகையில் உள்ள சிறு மின்கலத்தைச் சில நிமிடங்கள் எடுத்து வைத்தால் பழைய அமைப்பு திரும்பிவிடும்.

1:1 வைத்தால் வேகம் குறையாதா என்று கேட்பீர்கள். கணக்குப் போடுங்கள். 200 துடிப்பில் செயலிப் பாதை: 200 × 4 × 8 பைட், அதாவது விநாடிக்கு 6400 மெகாபைட். இரட்டைத் தடத்தில் இரண்டு ரேம்: 200 × 2 × 8 × 2, அதுவும் 6400. இரண்டு பக்கமும் சமம். ரேமை மேலும் விரட்டினால் சிறிது லாபம் உண்டு. ஆனால் பாதை அகலமாகிவிடாது.

2008இல் வந்த கோர் ஐ7 முதல் இன்டெல் இந்த எஃப்எஸ்பி முறையைக் கைவிடத் தொடங்கியது. இருந்தாலும் விகிதம் போய்விடவில்லை. ஏஎம்டி ரைசனில் ரேமுக்கும் செயலியில் உள்ள ரேம் கட்டுப்படுத்திக்கும் இன்றும் 1:1 கணக்குப் பார்க்கிறார்கள்.

கடைசியாக, மாணவர்களுக்கு ஒரு கேள்வி: துடிப்பு 320, செயலிப் பெருக்கி 9, விகிதம் 4:5. செயலியின் வேகம் என்ன? டிடிஆர்2-800 ரேம் தாங்குமா? விகிதம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். விடை சரியாக 2880, 400, தாங்கும்!