தறி கற்பித்த பாடம்

விரைந்து செய்வது மட்டுமே தொழில் திறன் ஆகாது. செய்த பொருள் பழுதாயின் உழைப்பு முழுதும் வீணாம். இவ்வுண்மையை நன்குணர்ந்தவர், ஜப்பான் நாட்டுத் தச்சர் ஒருவரின் மகனாக 1867ஆம் ஆண்டில் பிறந்த சாகிச்சி டொயோடா.

அக்காலத்து விசைத்தறிகளில் இழை அறுந்த பின்னும் ஓட்டம் நில்லாது, துணி கெடும். ஆகவே, அருகில் ஆள் விழிப்புடன் நிற்றல் வேண்டும். சாகிச்சி அமைத்த தறியோ இழை அறுந்தவுடன் தானே நின்றது. 1924ஆம் ஆண்டில் நிறைவெய்திய அவரது தறியில், நாடாவில் நூல் தீருங்கால் ஓட்டம் நில்லாமலே வேறு நாடா தானாக அமைந்தது. ஒருவரே பல தறிகளைக் கவனிக்க இயன்றது.

புகழ்பெற்ற தறித்தொழிலே போதுமென அவர் மகன் கீச்சிரோ அமைந்துவிடவில்லை. மோட்டார் வண்டியின் காலம் வருவதை உணர்ந்து, 1933ஆம் ஆண்டில் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே அதற்கெனத் தனித்துறை தொடங்கினார். 1937ஆம் ஆண்டில் அது தனி நிறுவனமாயிற்று. அதுவே இன்றைய டொயோட்டா.

தொழில் மாறினும் கொள்கை மாறவில்லை. வண்டியில் குறை காணும் தொழிலாளி கயிற்றை இழுத்து அறிவிப்பார். குறை நீங்காவிடின் வேலை வரிசையே நிற்கும். புதியதை ஏற்கும் துணிவும், பழையதில் நல்லதைக் காக்கும் அறிவும் ஒருங்கே உடையோரே தொழிலில் நிலைபெறுவர்.