அனல் காற்றில் ஆகாயப் பாடம்

இப்பல்கலைக்கழகத்திற் பயின்று, இன்று விமானம் ஓட்டக் கற்பித்து வரும் என்னிடம், "வானத்தில் குளுகுளுவென்றுதானே இருக்கும்?" என்று நம் சங்க நண்பர்கள் கேட்பதுண்டு. கங்கைச் சமவெளியின் மே மாதத்தையும் 'லூ' என்னும் அனல் காற்றையும் அறிந்தவர்களே இவ்வாறு கேட்பது வியப்புத்தான்!

உயரே செல்லச் செல்ல வெப்பம் குறைவது உண்மையே. 1,000 அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி குறையும். ஆனால், ஏறுவதும் இறங்குவதுமாக மாணவர் பழகும் சுற்றுப் பயிற்சி அந்த 1,000 அடிக்குள்ளேயே நடைபெறுகிறது. தரையில் 44 டிகிரி என்றால் அங்கே 42! சிறு விமானத்தின் கண்ணாடிக் கூண்டோ வெயிலை உள்ளே விடும். வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. மாணவர் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவார். ஆசிரியர் அடுத்த மாணவருக்காக அங்கேயே அமர்ந்திருப்பார்.

வெயில் விமானத்தையும் விடுவதில்லை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 400 அடியிலுள்ள கான்பூரில், 44 டிகிரி வெயிலில், விமானம் 4,000 அடி மலைமேல் இருப்பது போலவே தடுமாறும். ஓடுபாதையில் நெடுந்தூரம் ஓடும், மெதுவாகவே மேலேறும். ஆசிரியர் மிக விழிப்புடன் இருக்க வேண்டிய நேரம் அதுவே.

ஒருமுறை, வானில் கழிப்பறை இல்லையே என்றஞ்சிக் காலையில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன். மூன்றாம் மாணவர் தரையை நெருங்குகையில் விமானத்தின் மூக்கை உயர்த்தத் தாமதித்தார். கண்டேன், ஆனால் என் கை ஒரு கணம் பிந்தியது. சக்கரங்கள் தரையில் தடாரென மோதின. நல்லவேளையாக ஒருவருக்கும் தீங்கில்லை. அன்று எனக்குத் தாகமே தோன்றவில்லை என்பதுதான் அச்சம் தரும் செய்தி! உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே கவனம் தளரக்கூடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.2 லிட்டர்தான்.

அன்று முதல் நான் கைக்கொண்ட முறைகள் எளியவை. சுற்றுப் பயிற்சியை விடியற்காலையில் முடித்துவிடுவேன். வெயில் ஏறிய பின் உயரே செய்யும் பயிற்சிகள் மட்டுமே. நண்பகலில் பாடமில்லை. நிற்கும் விமானத்தின் கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடிவைப்பேன். தளர்ந்த பருத்தி உடையே அணிவேன். தாகத்துக்குக் காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒரு குவளை நீர் பருகுவேன். நெடுநேரம் வியர்த்தால் உப்பிட்ட நீர்மோர், அல்லது இவ்வூரார் மாங்காயிற் செய்யும் ஆம் பன்னா. சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்று பொருள். மாணவருக்குத் தலை சுற்றினாலோ, பதில் குழறினாலோ, பாடத்தை நிறுத்தி உடனே இறங்கிவிடுவேன்.

கோடையில் பறக்கக் கற்க விரும்பும் நண்பர்களே! விமானத்தில் ஏறுமுன் எரிபொருளைச் சோதிப்பீர்கள். அத்துடன், "தண்ணீர் குடித்தீர்களா, சார்?" என்று உங்கள் ஆசிரியரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல ஆசிரியர் கோபிக்கமாட்டார்.