புத்தேரிக் கவிஞரும் எங்கள் வீட்டுக் கன்றும்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு

ஒன்றாம் வகுப்பில் நாமெல்லோரும் கையை ஆட்டி ஆட்டிப் பாடினோமே, பசுவும் கன்றும் பற்றிய பாட்டு, நினைவிருக்கிறதா? அன்று எனக்குக் கன்று வேடம். தலையை நீட்டி முட்டியதில் பசு வேடமிட்டவள் கீழே விழுந்து அழுதுவிட்டாள். அந்தப் பாட்டுக்கு ஆசிரியர் ஒருவர் இருப்பார் என்று அப்பொழுது எனக்குத் தோன்றவே இல்லை. மழை பெய்வது போல, கோழி கூவுவது போல, அதுவும் தானாக வந்தது என்று எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு நூலகத்தில் ஒரு பாடல் நூலைப் புரட்டியபோதுதான் அது கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பாடியது என்று தெரிந்துகொண்டேன்.

கவிமணி 1876ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த தேரூரில் பிறந்தார். அந்நாளில் அது திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்த ஊர். ஆகையால் பள்ளியில் அவர் படித்தது மலையாளம். தமிழைத் திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே கற்றார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பின்னர் ஆசிரியப் பயிற்சி பெற்று, நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் 36 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். அவற்றுள் பல ஆண்டுகள் அவரிடம் பாடம் கேட்டவர்கள் நம்மைப் போன்ற பெண்கள்! 1931இல் ஓய்வு பெற்று, தம் மனைவி உமையம்மையின் ஊராகிய புத்தேரியில் தங்கினார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆயினும் தமிழ்நாட்டுக் குழந்தைகள் அத்தனை பேரும் அவர் பாட்டைத்தான் முதலில் பாடுகிறோம்.

தேரூரில் பெரிய குளம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் தொலைதூர நாடுகளிலிருந்து பறவைகள் அங்கு வந்து தங்கும். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில், அதாவது உலகம் முழுவதும் காக்க வேண்டிய நீர்நிலைகளின் வரிசையில், சேர்க்கப்பட்டன. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த கவிஞர் குழந்தைகளுக்குப் பாட எடுத்துக்கொண்டவை எவை? காக்கை, கோழி, கிளி, பசு! அரிய பறவை எதையும் அவர் தேடிப் போகவில்லை. குழந்தை வாசலில் நின்றால் கண்ணில் படுவது எதுவோ அதுவே பாட்டாயிற்று. காக்கையைப் பற்றி அவர் பாடம் நடத்துவதில்லை. குழந்தையையே காக்கையோடு பேச வைக்கிறார். சொற்கள் சிறியவை, அகராதி வேண்டாம். கால் தானாகத் தாளம் போடும். இது எளிது என்று நினைத்து நானும் எங்கள் சுவேத நதியைப் பற்றி எட்டு வரி எழுதிப் பார்த்தேன். ஆண்டில் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆற்றை, 'பொங்கி வரும் புனலே' என்று தொடங்கியிருந்தேன்! சிஸ்டர் படித்துவிட்டு, "நீ பார்த்ததை எழுதவில்லையே அம்மா" என்றார்கள்.

வீட்டுக்குப் போய்க் கட்டுத்தறியில் நின்று பார்த்தேன். அம்மா பால் கறக்கும்போது கன்றைப் பிடித்துத் தள்ளிக் கட்டுவார்கள். அது கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். பசு கறவையின் நடுவில் அதைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். பத்து ஆண்டுகளாக நம் வீட்டில் நடப்பதுதான், அன்றுதான் கண்டேன்.

பெண்களைப் பற்றிக் கவிமணி பாடிய ஒரு வரியை விழா மேடைகளில் எல்லோரும் சொல்வார்கள். கைதட்டலும் கிடைக்கும். எனக்கோ அதைவிட அவருடைய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' பெரிதாகப் படுகிறது. அந்நாளில் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஓர் ஆண்மகன் இறந்தால் அவன் சொத்து பெரும்பாலும் சகோதரியின் மக்களுக்குப் போகும். மனைவியும் பிள்ளைகளும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். கவிமணி இதைக் கண்டித்துக் கட்டுரை எழுதவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணையே தன் கதையைச் சொல்ல வைத்தார். அடுக்களை, மாமியார், சண்டை, சச்சரவு எல்லாம் அதில் வரும். சிரித்துக்கொண்டே படிக்கிறோம், சற்று நேரத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. காக்கையையும் கன்றையும் பார்த்த அதே கண்தான் இங்கே அடுக்களையைப் பார்க்கிறது. இது 1917, 18 ஆண்டுகளில் 'தமிழன்' என்னும் இதழில் வந்தது. 1926இல் அந்த வழக்கத்தை மாற்றச் சட்டம் பிறந்தது. ஒரு பாட்டினால் மட்டும் சட்டம் வந்தது என்று சொன்னால் அது மிகை, பலர் பாடுபட்டனர். ஆனால் வீட்டுக்குள் முணுமுணுத்த துயரத்தை ஊரறியச் சொன்னது அந்தப் பாட்டு.

அவர் பாடல்கள் பரவிய விதமும் கேட்கத் தக்கது. 'மலரும் மாலையும்' நூலாக வந்தது 1938இல். அப்போது அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். அதற்கு முன்பும் பின்பும் நண்பர்கள் வாயிலாகவே பல பாடல்கள் மக்களைச் சேர்ந்தன. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. தம் வீட்டில் 'வட்டத்தொட்டி' என்னும் கூட்டம் நடத்திக் கவிதையைச் சுவைத்துச் சொல்லி வந்தார். கவிமணியின் கவியருமையைப் பலருக்கு எடுத்துக் காட்டியவர் அவர். நம் பக்கத்து நாமக்கல் கவிஞரும் கவிமணியைப் புகழ்ந்து பாடியிருக்கிறார். 1940இல் சென்னையில் 'கவிமணி' பட்டம் கிடைத்தது. புத்தர் பெருமானைப் பற்றிய 'ஆசிய ஜோதி' 1941இல் வந்தது. 1954 செப்டம்பர் 26இல் கவிமணி மறைந்தார்.

பாட்டை வாய்விட்டுப் படித்துப் பிறர் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் வந்தது. எங்கள் வீட்டு வட்டத்தொட்டி திண்ணைதான். கேட்பவர் எழுத்தறியாத என் அம்மாயி ஒருவரே. குச்சிக் கிழங்குக் காட்டிலிருந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்த அம்மாயிக்கு மான்மியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பேச்சில்லை. நம் மாநிலத்தில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தரும் சட்டம் 1989இல் வந்தது. அம்மாயி அதற்கு முன்பே மணமாகி வந்தவர். பிறந்த வீட்டு நிலத்தில் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அண்ணன்மார் நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைத்தவர். இதை அன்று இரவுதான் முதன்முதலாக என்னிடம் சொன்னார்.

"அந்தப் புள்ள கடைசியில என்னதான் ஆனா, கண்ணு?" என்று கேட்டார்.

"இன்னும் பாதிப் புத்தகம் இருக்கிறது, அம்மாயி" என்றேன்.

"அப்போ விளக்கை அணைக்காதே" என்றார்.