செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் தடுமாறும் ஜிபிஎஸ்

‘ஒரு வருஷமாக நண்பர்களோடு ஜியோகேச்சிங் விளையாடுகிறோம். ஏற்காட்டில் ஒளித்துவைத்த டப்பாவுக்குப் போன் நேராகக் கொண்டுபோய் விடுகிறது. செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் வைத்தால் எதிர்வரிசை வீட்டுத் திண்ணையைக் காட்டுகிறது. போனை மாற்றலாமா?’ என்று சேலம் லீ பஜார் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் ஓராண்டாக, ஒளித்த டப்பாவை ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடும் இந்தப் பைத்தியம் பிடித்து அலைகிறவன் என்பதால், கேள்வியைப் படித்ததுமே உட்கார்ந்து எழுதத் தோன்றியது.

இந்த விளையாட்டின் வரலாறு இவ்வளவுதான்: பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரிகான் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். மூன்று நாளுக்குள் இருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன.

இனி சந்துக்கு வருவோம். வெள்ளிக் கொலுசு செய்யும் செவ்வாய்ப்பேட்டைக்காரருக்குக் கொலுசை வைத்துச் சொல்வதே சுலபம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் காலில் ஒரு கொலுசு கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1,023 முத்துகள். சில ஒலிக்கும், சில ஊமை. எது எங்கே என்ற வரிசை கோளுக்குக் கோள் வேறு. மொத்தக் கொலுசும் ஒரு மில்லிசெகண்டில் ஒலித்து முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எல்லாக் கொலுசுகளின் நகலும் உங்கள் போனிடம் இருக்கிறது. வானிலிருந்து வருகிற ஒலியோடு தன் நகலை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கும். முத்துக்கு முத்து பொருந்துகிற இடத்தில் 1,023-ம் சேர்ந்து ஒரே குரலாக எழும். எவ்வளவு நகர்த்த வேண்டியிருந்தது என்பதிலிருந்து சிக்னல் வந்த நேரமும், நேரத்திலிருந்து தூரமும் கிடைக்கும்.

வந்து சேரும் சிக்னலின் வலு எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. போனுக்குள் இருக்கும் மின்னிரைச்சலே இதைவிடப் பெரிது. அந்த இரைச்சலுக்குள் புதைந்த கொலுசை, வரிசை தெரியும் என்ற ஒரே பலத்தில் போன் பொறுக்கி எடுக்கிறது. டப்பா கிடைத்த நாட்களைவிட, இது புரிந்த நாள்தான் எனக்கு இந்த ஓராண்டின் பெரிய நாள்.

சிக்கலும் கொலுசில்தான் இருக்கிறது. ஒரு முத்து ஒலிக்கும் நேரத்துக்குள் ரேடியோ அலை 293 மீட்டர் ஓடிவிடும். போன் ஒரு முத்துக்குள்ளேயே நுணுக்கமாகப் பொருத்திப் பார்ப்பதால், திறந்த வானத்தின் கீழ் ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியம் வருகிறது. சந்துக்குள் சுவரில் மோதி வரும் எதிரொலியோ பத்து இருபது மீட்டர் சுற்றி வருகிறது. இவ்வளவு நீள முத்தில் அந்தச் சிறு தாமதத்தைப் பிரித்தறிய முடியாமல், எதிரொலி அசலோடு ஒட்டிக்கொள்கிறது, பொருத்தம் பிசகுகிறது. நேர் வழியைக் கட்டடம் மறைத்து எதிரொலி மட்டும் வந்தால் இன்னும் மோசம். தூரம் கட்டாயம் கூடுதலாகவே தெரியும்.

கிழக்கு மேற்காக ஓடும் சந்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். வானம் கிழக்கு மேற்காக மட்டுமே நீண்டு தெரியும். அந்தத் திசைகளில் இருக்கும் கோள்கள் நேராகப் பேசும். வடக்கிலும் தெற்கிலும் தாழ இருப்பவற்றைச் சுவர் மறைத்துவிடும். அதனால் தெருவின் நீளத்தில் பிழை குறைவு, அகலத்தில் அதிகம். வாசகரின் போன் எதிர்வரிசைத் திண்ணையைக் காட்டியது இதனால்தான். இன்னொரு விஷயம்: ஜிபிஎஸ் கோள்கள் நாள்தோறும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வந்துவிடும். நேற்று மாலை சுவர் செய்த அதே குழப்பத்தை இன்று நான்கு நிமிடம் முந்திச் செய்யும். தினமும் ஒரே நேரத்தில் போய் அளந்துவிட்டு, ‘எப்போதும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறது, அப்படியானால் சரிதான்’ என்று நம்பிவிடக் கூடாது.

போன் விளம்பரங்களில் ‘செயற்கை நுண்ணறிவு லொகேஷன்’ என்று வருவதை நான் பொருட்படுத்துவதில்லை. பார்க்க வேண்டியது எல்5 அலைவரிசை இருக்கிறதா என்பதைத்தான். அதன் முத்துகள் பத்து மடங்கு பொடி; ஒன்று 29 மீட்டர். அசலையும் எதிரொலியையும் பிரிக்க அதில் வாய்ப்பு அதிகம். ஜிபிஎஸ் போன்ற இந்தியாவின் சொந்த அமைப்பான நாவிக்கின் கோள்களும் எல்5-இல் பேசுகின்றன; நம் வானில் உயரத்தில் நிற்பதால் சந்துக்குள்ளும் எட்டிப்பார்க்கும். ஆனால் ‘நாவிக் வந்துவிட்டது, இனி எல்லாம் சரி’ என்ற முழக்கத்துக்குத் தலையாட்ட முடியவில்லை. 2013-இல் ஏவிய முதல் கோளின் மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாயின. 2025 ஜனவரி 29 அன்று ஏவிய என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதையை எட்டவே இல்லை.

ஆகவே வாசகரே, போனை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். வெவ்வேறு நேரங்களில் பல தடவை அளந்து சராசரி எடுங்கள். முடிந்தால் மொட்டைமாடியில் அளங்கள். தேடும்போது தெருவின் இரு வரிசையையும் பாருங்கள். சந்தைப் பக்கம் கேட்பாரற்ற டப்பா கிடந்தால் ஜனங்கள் பயப்படுவார்கள், போலீஸும் வரும். கடைக்காரரிடம் சொல்லி, அனுமதி வாங்கிவிட்டு வையுங்கள்.