பெயர் ஒன்று, பொறி இரண்டு

ஒரு பொருளுக்குப் பெயர் இடுவதன் நோக்கம், அதனைப் பிறவற்றினின்று பிரித்தறிதலேயாகும். ஓர் ஊரில் ஒரே பெயருடையார் இருவர் வாழின், தந்தையின் பெயரையோ தொழிலையோ சேர்த்து வழங்கி மக்கள் இடர் தீர்ப்பர். கடிதம் மாறிச் சென்றாலும் தபாற்காரர் ஆளைக் கண்டு திருத்திவிடுவார். பொறிகளுக்கோ முகம் பார்த்து அறியும் ஆற்றல் இல்லை. அவற்றிற்குப் பெயரே முகம், இலக்கமே ஆள். ஆதலின் இரு பொறிகள் ஒரே பெயரைத் தாங்குமாயின் விளையும் கேடு சிறிதன்று. பெரிய நிறுவனங்களின் தரவுகளைக் காத்துவரும் சேமிப்பக வலையமைப்பில் இக்கேடு எங்ஙனம் தோன்றுகின்றது, எங்ஙனம் தீர்க்கப்படுகின்றது என்பது அறியத்தக்கது.

வங்கி, வைத்தியசாலை, பல்கலைக்கழகம் முதலியவற்றில் பல சேவையகக் கணினிகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் தன் தரவைத் தன்னுள்ளேயே வைத்திருப்பின், ஒன்றில் இடம் வீணே கிடக்க மற்றொன்றில் இடம் போதாது போகும்; ஒரு கணினி பழுதுற்றால் அதனுள் இருந்த தரவும் எட்டாததாகிவிடும். இக்குறையை நீக்கவே, வன்தட்டுகளை ஒருங்கு சேர்த்துப் பொதுக் களஞ்சியமாக்கி, அதனைத் தனியானதொரு வலையமைப்பாற் கணினிகளோடு இணைக்கும் முறை எழுந்தது. இவ்விணைப்புக்குப் பெரிதும் பயன்படுவது, 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தேசிய நியமமாக ஏற்கப்பட்ட 'ஃபைபர் சனல்' முறையாகும். 2004ஆம் ஆண்டில் நியமமாக வெளியிடப்பட்ட 'ஐ-ஸ்கஸி' முறை, சாதாரண கணினி வலையமைப்பிலேயே இப்பணியைச் செய்ய வல்லது. களஞ்சியம் தன் இடத்தைப் பல கூறுகளாகப் பகுத்து, இன்ன கூறு இன்ன கணினிக்கு உரியது என வரையறுக்கும். கணினியோ தனக்குக் கிடைத்த கூற்றினைத் தன் சொந்த வன்தட்டாகவே கருதி எழுதிவரும்.

எந்தக் கணினிக்கு எந்தக் கூறு என்பதைக் களஞ்சியம் பெயரைக் கொண்டே தீர்மானிக்கின்றது. ஃபைபர் சனல் முறையில் இப்பெயர் 'உலகளாவிய பெயர்' எனப்படும். வழக்கமாக அது 64 பிட் நீளமுடையது. 16 பதினறும இலக்கங்களாக எழுதப்படுவது. உற்பத்தியாளர் ஒவ்வொருவருக்கும் ஐ.ஈ.ஈ.ஈ. என்னும் பொறியியலாளர் நிறுவனம் 24 பிட் கொண்ட தனி இலக்கம் ஒன்றை வழங்குகின்றது. அதன்பின் வரும் இலக்கங்களை இருமுறை வழங்காது பார்த்துக்கொள்வது உற்பத்தியாளரின் கடமை. இம்முறை வழுவாது பேணப்படின் ஒரே பெயர் இரு கருவிகளுக்கு வருதற்கு இடமில்லை.

எனினும் வழு நேர்கின்றது. காரணம் யாது? முற்காலத்தில் பெயர் அட்டையோடு பிறந்தது. இக்காலத்திலோ மென்பொருளும் பெயர் சூட்டுகின்றது. ஓர் இணைப்புத் துறையினுள்ளேயே பல மெய்நிகர் கணினிகளுக்கு வெவ்வேறு பெயர்களை இடலாம். அப்பெயர்களை நிருவாகி ஒருவர் ஒரு தொகுதியிலிருந்து வழங்குகிறார். வேறோர் இடத்து நிருவாகியும் அதே தொகுதியிலிருந்து வழங்கினால் மோதல் எழும். பழுதான அட்டையின் பெயரைப் புதிய அட்டைக்கு இட்டபின், பழைய அட்டையைச் செப்பனிட்டு வேறொரு கணினியிற் பூட்டுதலும் உண்டு. ஐ-ஸ்கஸி முறையிலோ பெயர் ஒரு கோப்பில் எழுதப்பட்ட சில சொற்களே. ஒரு கணினியை முழுமையாகப் பிரதிசெய்யும்பொழுது, அக்கோப்பும் உடன் செல்ல, இரு கணினிகளும் ஒரே பெயரோடு எழுந்து நிற்கும்.

இதன் விளைவு பலவகைப்படும். ஃபைபர் சனல் ஆளியில் ஒரே பெயரோடு இரண்டாவது கருவி நுழைய முயலின், ஆளியின் அமைப்புக்கு ஏற்ப, புதியது மறுக்கப்படலாம். அன்றிப் பழையது வெளியேற்றப்படலாம். ஐ-ஸ்கஸி முறையில், ஒரே பெயரும் ஒரே அமர்வு அடையாளமும் கொண்டு இரண்டாவது கணினி வரின், முன்பு இணைந்திருந்த கணினியே மீண்டும் வந்துள்ளது எனக் களஞ்சியம் எண்ணிப் பழைய இணைப்பைத் துண்டிக்கும். துண்டிக்கப்பட்டது மீள இணையும். அதனால் மற்றையது துண்டிக்கப்படும். கயிறிழுத்தல் போன்ற இப்போராட்டம் ஓயாது நிகழ, இரண்டு கணினிகளும் வேலை செய்யாது திணறும்.

ஆயினும் இத்துண்டிப்பு ஒருவகையில் நன்மையே. குறை வெளிப்படையாகத் தெரிகின்றதல்லவா? இதனினும் கொடியது, இரண்டும் ஓசையின்றி உள்ளே நுழைந்துவிடுவது. பெயரே திறப்பு ஆதலின், ஒருவர்க்குரிய அறை இருவர்க்கும் திறந்துவிடும். சாதாரண கோப்பு முறைமை, தான் ஒருவனே எழுதுபவன் என்னும் நம்பிக்கையில் அமைந்தது. எங்கு வெற்றிடம் உண்டு என்னும் குறிப்பை ஒவ்வொரு கணினியும் தன் நினைவகத்தில் வைத்துள்ளது. ஒன்று எழுதிய இடத்தை மற்றொன்று வெற்றிடமென எண்ணி மேலெழுதும். நோயாளி ஒருவரின் பதிவு அழிந்திருப்பது, அதனைத் தேடும் நாளிலேதான் தெரியவரும்.

கணினிகளைப் போன்றே வன்தட்டுக் கூறுகளுக்கும் அடையாளம் உண்டு. இங்கே மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, ஒரே தட்டு இரு வழிகளால் இருமுறை தோன்றுதல். ஒரு வழி அறுந்தாலும் மறுவழி உதவுமாறு வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு இது, குறை அன்று. கருவி அடையாளம் ஒன்றாயிருத்தலைக் கண்டு, மென்பொருள் இரு வழிகளையும் ஒரே தட்டாகச் சேர்த்துக்கொள்ளும். இரண்டாவது, ஒரு தட்டின் பிரதி. இதன் கருவி அடையாளம் வேறு. உள்ளே எழுதப்பட்ட கையொப்பம் மட்டும் மூலத்தினுடையது. லினக்ஸ் போன்ற முறைமைகளில் இத்தகைய பிரதியை மூலத்தின் அருகே திறக்க முயலின் மறுப்பு எழுவதுண்டு. மூன்றாவது, வெவ்வேறு தட்டுகள் தவறுதலாக ஒரே கருவி அடையாளத்தைக் கூறுதல். மென்பொருள் இவற்றை ஒரே தட்டின் இரு வழிகளென மயங்கித் தரவை இரண்டிலும் சிதறி எழுதும். மூன்றனுள்ளும் பெருந்தீங்கு இதுவே.

இனித் தீர்வு. முதற்கண் எழுத்தை நிறுத்துதல் வேண்டும். கணினிகளை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது கேட்டைப் பெருக்கும். பின்னர் வந்த கருவியின் துறையை ஆளியிலே மூடிவிடுதல் தக்கது. இரண்டாவதாக, ஆளி வைத்துள்ள பெயர்ப் பட்டியலையும் நிகழ்வுக் குறிப்புகளையும் ஆராய்ந்து, அப்பெயர் எந்தெந்தத் துறைகளில், எந்நேரத்தில் தோன்றிற்று எனக் காணல் வேண்டும். மூன்றாவதாக, உரியவர் யார் என்பதைப் பதிவேட்டினால் துணிந்து, உரிமையற்றதற்குப் புதுப்பெயர் இடல் வேண்டும். நான்காவதாக, அப்புதுப்பெயரை ஆளியின் வலயத்திலும் களஞ்சியத்தின் அனுமதிப் பட்டியலிலும் பதிதல் வேண்டும். இதனை மறப்பின், அக்கணினி தட்டைக் காணாது நிற்கும். அது திருத்தக்கூடிய குறையே. இறுதியாக, இருவரும் எழுதியிருக்கக்கூடிய தட்டினை எழுத்தின்றி, வாசிப்புக்கு மட்டும் திறந்து சோதித்து, சிதைவு காணின் காப்புப்பிரதியிலிருந்து மீட்டல் வேண்டும்.

பிரதியாயின், அதற்கே புதிய கையொப்பம் இடல் வேண்டும், மூலத்தைத் தொடலாகாது. இரு தட்டுகள் ஒரே கருவி அடையாளத்தைக் கூறுமாயின், களஞ்சியத்திலேயே ஒன்றின் தொடரிலக்கத்தை மாற்றியபின்னரே மீள இணைத்தல் நன்று.

வருமுன் காத்தல் இவை எல்லாவற்றினும் எளிது. பிரதிசெய்தற்கென வைக்கும் மூலக் கணினியிலிருந்து பெயரை முன்னரே நீக்கிவிடுதல், ஒவ்வொரு நிலையத்துக்கும் வேறான பெயர்த் தொகுதி வகுத்தல், புதிய கருவியை இணைக்குமுன் அதன் பெயர் ஏற்கெனவே உளதோ எனப் பார்த்தல், கழற்றிய அட்டையின் பெயரையும் பதிவேட்டில் எழுதுதல் ஆகிய நான்குமே போதும். 64 பிட் இலக்கம் ஏறத்தாழ 18இன் பின் 18 சுழியங்கள் இட்டுப் பெறும் அளவுக்கு வேறுவேறு பெயர்களைத் தரவல்லது. அத்துணைப் பெயர்கள் இருந்தும் மோதல் நிகழ்கின்றதெனின், குறை இலக்கத்தில் இல்லை. அதனை எழுதிப் பேணும் ஒழுங்கிலேயே உள்ளது. நோயாளியின் பதிவும் வைப்பாளரின் கணக்கும் மாணவரின் பெறுபேறும் பிழையின்றி நிலைபெறுதல், செவ்வனே பேணப்படும் ஒரு பதிவேட்டையே பொறுத்ததாகும்.