பெருமாள்மலையில் நிலத்தைக் குத்தகைக்கு விடுபவர்கள் கவனிக்க

கொடைக்கானல் மலையில் வத்தலக்குண்டு சாலையும் பழனி சாலையும் சேரும் பெருமாள்மலையைச் சுற்றி, பட்டர் ஃப்ரூட்டும் காபியும் நின்ற தோட்டங்களில் டென்ட்டும் காட்டேஜும் முளைக்கின்றன. நிலம் உள்ளூர்க்காரருடையது; தொழில் நடத்துபவர் கீழேயிருந்து வந்தவர். இருவருக்கும் நடுவில் இருப்பது முத்திரைத்தாளில் பத்து வருடத்துக்கு எழுதி, நோட்டரி முத்திரை குத்திய ஒரு ஒப்பந்தம். தகராறு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

கோர்ட்டிலும் அது நிற்காது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவு. பதியாத பத்திரத்தின் நிபந்தனைகளைச் சாட்சியமாக ஏற்க 49ஆம் பிரிவு தடை. பத்து வருடக் கெடு, வாடகை உயர்வு, நிலத்தைப் பழையபடி ஒப்படைக்கும் வாக்குறுதி எல்லாம் போச்சு. நோட்டரி முத்திரை பதிவு ஆகாது.

நிலம் திரும்பி வருவதைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு, இங்கே எண்ணெய்க் கிணறா தோண்டுகிறார்கள் என்று கேட்பவர்கள் நெடுவாசல் கிராமத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2017 பிப்ரவரியில் அங்கே ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது, அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே ஓ.என்.ஜி.சி.க்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்த உழவர்கள் தங்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். எண்ணெய் எடுக்கும் உரிமத்தை அரசு தருகிறது. மேல்நிலத்துக்கு உழவர் கையெழுத்திடும் குத்தகை வேறு. எப்போது, எந்த நிலையில் நிலம் திரும்பும் என்பதை உழவர் எழுதி வாங்க முடிந்த இடம் அந்த இரண்டாவது தாள்தான். 2020இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுத்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றைத் தொடவில்லை.

ஆகவே எழுதும்போதே கறாராக இருங்கள். சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி, வேறுவிதமாக எழுதாவிட்டால் குத்தகைதாரர் உள்வாடகைக்கு விடலாம். கூடாது என்றால் கூடாதென்று எழுத வேண்டும். கட்டடம், மரம் வெட்டுதல், போர்வெல் ஒவ்வொன்றுக்கும் யார் அனுமதி வாங்குவது, அபராதம் வந்தால் யார் கட்டுவது என்பதும் பத்திரத்தில் வர வேண்டும். காட்டேஜ் எழும்பும்போது வாய் திறக்காத அதிகாரிகள், பிறகு பட்டாதாரர் பெயருக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள். முக்கியமானது, நிபந்தனையை மீறினால் உரிமையாளர் நிலத்தைத் திரும்ப எடுக்கலாம் என்ற வாசகம். அது பத்திரத்தில் இருந்தால்தான் அதே சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி, எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்துக் குத்தகையை இடையில் முறிக்க வழி உண்டு.

பட்டா, நில அளவை வரைபடம், ஒப்படைக்கும் நாளில் தேதியோடு எடுத்த படங்கள், நிற்கும் மரங்களின் பட்டியல் ஆகியவற்றைப் பத்திரத்தோடு இணைத்துக் கொடைக்கானல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். 30 ஆண்டுக்குட்பட்ட குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு. பதிவுக் கட்டணமும் 1 விழுக்காடு, உச்சவரம்பு 20,000 ரூபாய். இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நிலத்தையே வழக்கில் மாட்டிவிடுகிறார்கள். எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிய வேண்டும். தாமதமானால் அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம். அதற்கும் பழைய தாளை வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். குத்தகைதாரரை உட்காரவைத்துப் புதுப் பத்திரம் எழுதிப் பதியுங்கள். பதிவாகிவிட்டதா என்பதை வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். நோட்டரி முத்திரை பதிவு ஆகாது.

குத்தகைதாரர் புதுப் பத்திரத்துக்கு மறுத்தால்? காட்டேஜ் போன்ற வணிகக் குத்தகை பதிவாகாத நிலையில் பொதுவாக மாதக் குத்தகையாகக் கருதப்படும். சொத்து மாற்றச் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி 15 நாள் நோட்டீஸ் கொடுத்து முடிக்கலாம். பயிர் செய்யும் குத்தகைதாரரிடம் இந்த வழி செல்லாது. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்கலாம். அப்போது வருவாய் நீதிமன்றம்தான் பேச வேண்டும்.

எந்த வழியானாலும் கேட்டைப் பூட்டாதீர்கள், மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள், சாமான்களை வெளியே எறியாதீர்கள். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றினால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் குத்தகைதாரர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வந்துவிடுவார். அந்த வழக்கில் நீங்கள்தான் நிலத்தின் சொந்தக்காரர் என்ற வாதம் எடுபடாது. வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, ஒப்புகை அட்டை கைக்கு வந்து, நோட்டீஸ் கெடு முடிந்தபின் உரிய நீதிமன்றத்துக்குப் போங்கள்.