ஓய்வு மட்டும் மருந்தாகாது: இதய, சுவாச நோயாளரும் இயன்மருத்துவமும்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒருவரை எமது குடும்பங்கள் பேணும் முறை யாவரும் அறிந்ததே. கட்டிலை விட்டு இறங்க அவருக்கு அனுமதி இல்லை. குடிநீரும் அவரிருக்கும் இடத்துக்கே செல்லும். படியேற முற்பட்டால் வீடே பதறும். நாட்பட்ட சுவாச நோயால் மூச்சு வாங்கும் முதியவரின் நிலையும் இதுவே. இவையாவும் அன்பினால் செய்யப்படுபவை. ஆயினும் இந்த அன்பே நோயாளியை மேலும் நலிவடையச் செய்யக்கூடும்.

இந்த நம்பிக்கையைத் தோற்றுவித்ததும் ஒரு காலத்து மருத்துவமே எனலாம். பழுதுற்ற இதயத்தசை ஆறும்வரை அசைவு ஆபத்தானது எனக் கருதி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோயாளரை ஆறு வாரங்கள் வரை படுக்கையிலேயே வைத்திருந்தனர். பொஸ்டன் நகரின் வைத்தியர்களான சாமுவேல் லெவினும் பேர்னார்ட் லவுனும் நோயாளரை நாற்காலியில் அமரவைத்துப் பெற்ற நற்பயனை 1952 இல் வெளியிட்டபோது இந்த நடைமுறை ஆட்டங்கண்டது.

1966 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் ஆரோக்கியமான இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரங்கள் படுக்கையில் வைத்து ஆராய்ந்தனர். ஒட்சிசனைப் பயன்படுத்தும் அவர்களது உச்சத்திறன் கால்பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முப்பது ஆண்டுகளின் பின்னர் அதே ஐவரையும் மீண்டும் பரிசோதித்தபோது, முதுமை விளைத்த இழப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கை விளைத்த இழப்பே பெரிதெனத் தெரியவந்தது. இளைஞருக்கே இந்நிலை எனில், நோயுற்ற முதியவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

படுக்கையில் தசைகள் மெலிகின்றன. கால் நாளங்களில் குருதி உறையும் அபாயம் எழுகின்றது. சுவாசப்பையின் அடிப்பகுதி சரிவர விரியாமற் போக, சளி தேங்கித் தொற்று உண்டாகின்றது. இதய, சுவாச இயன்மருத்துவம் தடுக்க முற்படுவது இவற்றையே.

இதயச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவருக்கு, நெஞ்சில் தலையணையை அணைத்தபடி இருமவும், ஆழ்ந்து மூச்செடுக்கவும், அடியடியாக நடக்கவும் இயன்மருத்துவர் கற்பிக்கின்றார். நாட்பட்ட சுவாச அடைப்பு நோயில் உட்சென்ற காற்று முழுமையாக வெளியேறுவதில்லை. மூக்கால் மூச்செடுத்து, உதடுகளைக் குவித்து மெதுவாக வெளிவிடும்போது சுவாசக் குழாய்கள் ஒடுங்கிவிடாது திறந்திருக்கின்றன. புகைத்தலால் மட்டுமன்றி, நீண்டகாலம் விறகடுப்பின் புகையைச் சுவாசிப்பதாலும் இந்நோய் ஏற்படுவதால், எமது நாட்டுப் பெண்களும் இதனை அறிந்திருத்தல் அவசியமாகும்.

உடற்பயிற்சி பழுதுற்ற சுவாசப்பையைப் புதுப்பிப்பதில்லை என்பதையும் கூறியாக வேண்டும். பயிற்சி பெற்ற கால் தசைகள் அதே வேலையைக் குறைந்த மூச்சுடன் செய்துவிடுகின்றன. முற்றம் வரை நடக்க இயலாதவர் சந்தி வரை சென்றுவரக் கூடியதாகின்றமைக்குக் காரணம் இதுவே. இதய நோயாளர் தொடர்பான 85 ஆய்வுகளைத் தொகுத்து 2021 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, உடற்பயிற்சி சார்ந்த புனர்வாழ்வு இதய நோய் மரணங்களையும், மீண்டும் மாரடைப்பு ஏற்படுவதையும் குறைக்கின்றதென முடிவு செய்தது.

எனினும் இப்பயிற்சி அளவறிந்து செய்யப்பட வேண்டியது. குருதியமுக்கமும் நாடித்துடிப்பும் கணிக்கப்பட்டு, ஆறு நிமிடத்தில் நடக்கக்கூடிய தூரம் அளவிடப்பட்ட பின்னரே பயிற்சியின் அளவு தீர்மானிக்கப்படுகின்றது. ஓய்விலும் நெஞ்சுவலி உள்ளவர், இதயத்துடிப்புச் சீரற்றவர் ஆகியோர் வைத்தியரின் அனுமதியின்றி ஆரம்பித்தலாகாது. நடக்கும்போது பேச இயலாதளவு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சுவலி, தலைச்சுற்று, குளிர்வியர்வை தோன்றினால் உடனே நிறுத்தி வைத்திய உதவியை நாட வேண்டும்.

இயன்மருத்துவம் என்றதும் பாரிசவாதமும் எலும்பு முறிவுமே எம்மவர் நினைவுக்கு வருகின்றன. எமது அரசாங்கப் பெரிய வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவுகள் இலவசமாக இயங்குகின்றன. ஆனால் கேட்டுப் பெறுவோர் சிலரே. நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாளில், மருந்துச் சிட்டையுடன் மூன்று விடைகளையும் உறவினர் கேட்டுப் பெறுதல் வேண்டும்: இவர் நாளை எவ்வளவு தூரம் நடக்கலாம்? எந்த அறிகுறி கண்டால் நிறுத்த வேண்டும்? இயன்மருத்துவரை எப்போது சந்திக்க வேண்டும்? நோயாளியைக் கட்டிலில் இருத்திக் காப்பதிலும், அவருடன் கூட நடந்து காப்பதே மேலான அன்பாகும்.